உலை நின்ற வீடுகள்

எங்கள் நொச்சிக்குளத்தில் ஓர் உயிர் போனால் அந்த உயிருக்குப் பங்காளியானவர்கள் இருக்கிற எல்லைக்குள், கூரையோ மதிலோ எது அந்த இடத்துக்கு எல்லையோ அதற்குள், தண்ணீர் கொதிக்காமல் போக ஆரம்பித்தது, என் மகள் செண்பகம் லீவுக்கு வந்து அவள் அப்பாவின் எச்சிலைச் சுண்டுவிரல் அளவுக் குழாயில் வாங்கி மூடிக் கனடாவுக்குக் கொண்டுபோன வருஷத்தில்தான். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, ஏனென்றால் அடியில் தீ நாக்கை நீட்டி எரிந்துகொண்டிருக்க மேலே தண்ணீர் குளத்துத் தண்ணீர் மாதிரிச் சில்லென்று கிடந்தால் பெண்பிள்ளைகளுக்கு முதலில் வருகிற யோசனை பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்பதுதான்.

முதலில் செத்தது தையற்கடைச் சிதம்பரத்தின் தகப்பனார். அன்றைக்கு நாலு வீட்டில் உலை நின்றது, நாலு வீட்டுக்காரர்களும் சிலிண்டர் மோசம் என்று சிலிண்டர் கொண்டுவருகிற ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள், அவன் மாற்றிக் கொடுத்ததும் கொதிக்கவில்லை, மறுநாள் சுடுகாட்டுச் சாம்பலில் பால் தெளித்துவிட்டுத் திரும்பினால் நாலு வீட்டுப் பானையும் ஒன்றாகத் தளபுளவென்று பொங்கிக் கிடக்கிறது. அடுத்த சாவில் ஏழு வீடு. அதற்கடுத்ததில் மூன்று வீடு. பிணம் கிடக்கையில் பங்காளி வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எப்போதும் உள்ளதுதான், ஆனால் கேஸ் வந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உப்புமா கிண்டாத வீடு கிடையாது. அதைத்தான் சாமி பார்த்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். மின்சார அடுப்பு வாங்கிப் பார்த்தார்கள், சிவப்பு விளக்கு எரிந்தது, தண்ணீர் சுடவில்லை. பிளாஸ்கில் கொண்டுவந்து பார்த்தார்கள், வாசற்படி தாண்டியதும் ஆறிப்போனது.

மூன்று மாதத்தில் ஊர் இதற்குப் பழகிவிட்டது, மழைக்குப் பழகுவதைப்போல. டீக்கடைப் பீர்முகமது, “துக்க வீட்டார் தயவுசெய்து வெளியே நின்று சாப்பிடவும்” என்று அட்டையில் எழுதி மாட்டினார், ஏனென்றால் ஒரு பங்காளி உள்ளே கால் வைத்தால் கடைப் பாய்லரே செத்துப்போகும். கடைக்கு எதிரே புங்கமரத்தடியில் ஒரு பெஞ்சும் போட்டார். கைக்குழந்தை உள்ள துக்க வீட்டுப் பெண்கள் அங்கே வந்து உட்கார்ந்து, திறந்தவெளியில் வெந்நீர் வாங்கிப் பாலைக் கரைத்துப் புகட்டிவிட்டுப் போவார்கள். அதற்குப் பால்பெஞ்சு என்றே பெயர். பொண்ணு பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தைக் கேட்பதற்கு முன்னால், “கடைசியா ஒங்க பெரியப்பா தவறினப்போ ஒங்க வீட்டுல உலை நின்னுச்சா?” என்று கேட்டார்கள். நிற்க வேண்டிய சில வீடுகளில் நிற்கவில்லை, நிற்கவே காரணமில்லாத சில வீடுகளில் நின்றது, அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் கொஞ்சநாள் தெருக்குழாய்க்கு வரவில்லை. பிச்சையா வாத்தியாரின் சித்தப்பா செத்த அன்றைக்கு வாத்தியார் வீட்டில் உலை பொங்கி வழிந்ததாம், எண்பது வயதுத் தாயார் அந்தப் பானைக்கு முன்னால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். வாத்தியார் அடுப்பை அணைத்தார், கொதித்த தண்ணீரைக் கொல்லையில் கொட்டினார், செம்பைத் தூக்கிக்கொண்டு பால்பெஞ்சுக்கு வந்து, “எங்க வீட்டுலயும் நின்னுபோச்சு பாய், ஒரு டீ குடுங்க” என்றார். அப்படியும் ஒரு மனுஷன் எங்கள் ஊரில் இருந்தார்.

எங்கள் வீட்டில் மட்டும் யாருக்காகவும் உலை நிற்கவில்லை.

என் வீட்டுக்காரர் திரவியம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் சமைக்கிற மாஸ்டர், சுற்றுவட்டாரத்தில் அவர் கை சாம்பாருக்கு ஒரு பெயர் உண்டு. அவர் தகப்பனார் பொன்னையா, பொன்னையாவைப் பெற்றவள் உலகம்மாள், அதற்கு மேல் எங்களுக்குத் தெரியாது. உலகம்மாள், ஊரில் பெரிய பண்ணைக்காரர்களான மேலவீட்டாரின் நெல் அவிக்கிற களத்தில் அடுப்பெரித்தவள். வயிறு தெரிய ஆரம்பித்ததும் களத்தை விட்டு நிறுத்தினார்கள், குளத்தங்கரையில் குடிசை போட்டுத் தனியாகப் பெற்று வளர்த்தாள். பிள்ளைக்குத் தகப்பன் யார் என்று எவர் கேட்டாலும், மகனே கேட்டாலும், “இரு, உலை கொதிக்குது” என்று எழுந்து போய்விடுவாளாம். சாகிற வரைக்கும் அவள் வாயில் வந்த பதில் அது ஒன்றுதான். தகப்பன் வழி தெரியாததால் எங்களுக்கென்று ஒரு குலசாமி கிடையாது, அதனால் நான் எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் ஆற்றில் இறங்கி எள்ளும் தண்ணீரும் விடும்போது ஐயர், “தகப்பனார் பேரு?” என்பார், இவர் “பொன்னையா” என்பார், “பாட்டனார் பேரு?” என்பார், இவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார், பின்னால் நிற்கிறவர்கள் தொண்டையைச் செருமுவார்கள். நாற்பது வருஷம் அந்தச் செருமலைக் கேட்டுக்கொண்டு கரையில் துண்டோடு நின்றவள் நான். ஊரில் எந்தச் சாவுச் சங்கு ஊதினாலும் இவர் அடுக்களை வாசலில் வந்து நின்று, “கொதிக்குதா?” என்பார். “கொதிக்குதுங்க” என்பேன். போய்விடுவார். சோறு வெந்ததற்காக ஒரு மனுஷன் முகம் வாடி நான் பார்த்தது என் வீட்டில்தான்.

செண்பகம் கொண்டுபோன எச்சிலுக்கு மறுவருஷம் பதில் வந்தது. உலகத்தில் இதேபோல் எச்சில் கொடுத்தவர்களின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டு, யார் யாரோடு எவ்வளவு ரத்தம் ஒத்துப்போகிறது என்று பட்டியல் போட்டுக் கொடுப்பார்களாம். அவள் போனில் முகத்தைக் காட்டிக்கொண்டு பேசினாள்.

“அப்பா, லண்டன்ல அம்பலவாணன்னு ஒருத்தர், நூத்துக்கு ஆறு பங்கு ஒங்களோட ஒத்துப்போகுது. அவங்க சின்னத் தாத்தா பேரன் ஒருத்தர் மலேசியால, அவரோட மூணு பங்கு.”

“எந்த அம்பலவாணன்?”

“நம்ம ஊர் மேலவீட்டு அம்பலவாணன்தான்ப்பா. சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளா இருந்தா பன்னெண்டு பங்கு வரும். இது சரி பாதி. அப்படின்னா ரெண்டு பேருக்கும் தாத்தா ஒருத்தர், பாட்டி வேற வேற. சின்னத் தாத்தா வழியில அதுலயும் பாதிதான் வருது, அதனால அவரு இல்ல. பெரியவர்தான். ஆவுடையப்பர்.”

இவர் கையில் கேரட் சீவிக்கொண்டிருந்த கத்தி இருந்தது. அதைக் கீழே வைத்தார். மெதுவாக, வாய்க்குள், ஆவுடையப்பர் ஆவுடையப்பர் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், சூடான பதார்த்தத்தை நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கிறவர் மாதிரி.

மேலவீட்டில் அப்போது பெரியவர் நெல்லைநாயகம், அம்பலவாணனுக்கு அண்ணன், எழுபத்தெட்டு வயது. இவரைவிட மூத்தவர், முறைக்கு அண்ணன். வேண்டாங்க என்று நான் சொன்னேன். வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு, செண்பகம் அனுப்பியதைக் கடையில் காகிதத்தில் அச்சடித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், துணைக்கு நானும் போனேன்.

“வா திரவியம்” என்றார் நெல்லைநாயகம். “என்ன, எனக்குப் பதினாறாம் நாள் சமையல் பேச வந்துட்டியா? இன்னும் மூச்சு இருக்குடே.”

“அப்படிச் சொல்லாதிய அண்ணாச்சி.”

“அண்ணாச்சியா? போன வாரம் வரைக்கும் முதலாளிதானே நான் ஒனக்கு?”

இவர் காகிதத்தை நீட்டினார். நெல்லைநாயகத்தின் மகன் குற்றாலம்தான் வாங்கிப் படித்தான், படித்துவிட்டுச் சிரித்தான். “எச்சியத் துப்பிச் சொந்தம் வாங்கியிருக்காவ அப்பா.”

“சொத்து சுகம்னு கேட்டு வரல” என்றார் இவர். “ஆத்துல எள்ளும் தண்ணியும் விடும்போது சொல்ல ஒரு பேரு. ஆமான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் போயிருதேன்.”

சுவரில் ஆவுடையப்பர் படம் இருந்தது, சந்தன மாலையோடு. நெல்லைநாயகம் படத்தை ஒரு தடவை பார்த்தார், இவரை ஒரு தடவை பார்த்தார். பார்த்தாரே, அந்தப் பார்வையிலேயே அவருக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்குத் தெரிந்துபோனது. “எங்க தாத்தா பேரு ஊருக்கே தெரியும், போயி எங்க வேணும்னாலும் சொல்லிக்கோ” என்றார். “ஆமான்னு மட்டும் எங்கிட்டக் கேக்காத. ஒனக்கு அவ்வளவு ஆசையா இருந்தா நான் செத்த அன்னைக்கு ஒன் உலையப் போயிப் பாரு. அது சொல்லட்டும்.”

காபி வந்தது. வீட்டாருக்குப் பித்தளை டவராவிலும், இவருக்கு எப்போதும் வருகிற எவர்சில்வர் தம்ளரிலும். இவர் குடித்துவிட்டு, எப்போதும்போலக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்.

மறுவாரம் செண்பகம் கூப்பிட்டாள். “அம்மா, அம்பலவாணன் மாமா பேரு பட்டியல்ல இல்ல. மறைச்சிட்டாரு.” மாமா இல்லையடி, பெரியப்பா என்று சொல்ல வந்து வாயை அடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இவர் சாவுச் சங்கு கேட்டு அடுக்களைக்கு வருவதை விட்டுவிட்டார். ஆனால் மேலவீட்டு வாசலில் டாக்டர் கார் நின்றால் திண்டாடிப் போவார், எழுவார், உட்காருவார். நான் விளக்கேற்றி வைத்துவிட்டு, எந்தச் சாமி கேட்கிறதோ அந்தச் சாமிக்கு என்று, அம்மா, அந்தப் பெரியவருக்கு நூறு வயதைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். ஒருவனுக்கு அண்ணன் கிடைக்க அண்ணன் சாக வேண்டும் என்றால் அது என்ன வரம்.

தை மாதம் பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சமையல். நானும் காய் நறுக்கப் போயிருந்தேன். காலை ஐந்து மணிக்குப் பன்னிரண்டு அண்டாவிலும் தண்ணீர் வைத்து விறகு தள்ளியாயிற்று. ஆறு மணிக்கு நான் அரிசி களைந்து கொண்டுபோனால் அண்டாக்களில் ஒரு சலனமும் இல்லை, தீ சிவந்து ஆளுயரம் எரிகிறது, பக்கத்தில் போனால் முகம் பொசுங்குகிறது, தண்ணீரில் விரலை விட்டால் ஊற்றுத் தண்ணீர். இவர் ஒவ்வோர் அண்டாவாகப் போய்க் கையை விட்டுப் பார்த்தார். கடைசி அண்டாவில் விட்ட கையை எடுக்கவே இல்லை. அவர் முகத்தை நான் பார்த்தேன், கல்யாணத்தன்று கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

பொண்ணு வீட்டார் வந்துவிட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். கூட்டத்துக்குள் யாரோ, “அடேய், மாஸ்டருக்கு யாரோ தவறிட்டாங்கடே” என்றார்கள். “அவருக்கு ஏதுடே பங்காளி?” என்று இன்னொருவர். கூடச் சமைக்கிற சோலையப்பன்தான் பக்கத்தில் வந்து, “அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. முகூர்த்தம் ஒன்பதுக்கு. நீங்க மட்டும் கொஞ்சம் வெளிய நிக்கணும்” என்றான்.

இவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, ஆயிரம் கண் பார்க்க, நடுவழியாக நடந்து போனார். மண்டபத்து மதில் வாசலைத் தாண்டிக் கால் வைத்தார். அந்தக் கணமே பன்னிரண்டு அண்டாவும் ஒரே குரலில் கொதித்தன. அந்தச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகுதான் போன் வந்தது, மேலவீட்டு நெல்லைநாயகம் நாலரை மணிக்குத் தவறிவிட்டார் என்று.

இனி யார் என்ன சொல்ல முடியும் என்று நினைத்தார் இவர். குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு மேலவீட்டுக்குப் போனார். பங்காளிகள் வரிசையாக நின்று பெரியவர் வாயில் அரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். இவரும் தட்டில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு வரிசைக் கடைசியில் நின்றார். ஊர் முழுக்கச் செய்தி தெரியும், அதனால் ஊர் முழுக்க அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. இவர் முறை வந்தது. குற்றாலம் குறுக்கே வந்து, ரொம்ப மரியாதையாக, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னான்: “மாஸ்டர், நீங்க பின்பக்கம் போங்க. வந்தவங்களுக்கு மோர் கலக்க ஆள் இல்ல.”

“எனக்கும் உலை நின்னுச்சு தம்பி.”

“மண்டபத்துல விறகு ஈரம்னு சொன்னாங்களே.”

பொய் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். பிச்சையா வாத்தியார் மட்டும் வந்து இவர் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் இவர் கை மூடியே இருந்தது. நான்தான் விரல் விரலாகப் பிரித்து அந்த அரிசியை எடுத்து, ஒரு பவுடர் டப்பாவில் போட்டுச் சாமி படங்களுக்குப் பின்னால் வைத்தேன்.

பதினாறாம் நாளுக்குத் திருநெல்வேலியிலிருந்து வேறு மாஸ்டரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆடி அமாவாசை வந்தது. இந்தத் தடவை பேர் கையில் இருக்கிறது, நாற்பது வருஷச் செருமலுக்குப் பதில் இருக்கிறது, நான் கரையில் துண்டோடு நிற்கிறேன்.

“தகப்பனார் பேரு?”

“பொன்னையா.”

“பாட்டனார் பேரு?”

இவர் கை நிறைய எள்ளும் தண்ணீரும். அக்கரையைப் பார்த்தார். “உலகம்மாள்” என்றார்.

“அது பொம்பளை பேருன்னா? நான் பாட்டனார் பேரைக் கேட்டேன்.”

“அந்த எடத்துலயும் அவதான் சாமி. அடுப்பைப் பாத்துக்கிட்டு அவதான் இருந்தா.”

ஐயர் என்ன நினைத்தாரோ, அந்தப் பேரையே வைத்து மந்திரத்தைச் சொன்னார். தண்ணீர் விரலிடுக்கில் இறங்கிப் போனது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவர் பேசவில்லை, நான் அவர் நிம்மதியாகிவிட்டார் என்று நினைத்தேன். நிம்மதி இல்லை அது. இனி யாரிடமும் கேட்க ஒன்றும் இல்லை என்றான மனுஷனின் அமைதி.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முற்றத்தில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார், பிறகு உள்ளே வந்து, “ஒரு காபி போடு, சித்தநேரம் சாயுதேன்” என்றார். தண்ணீர் வைத்தேன். கொதிக்கத் தொடங்கி முத்து முத்தாகக் கிளம்பிய தண்ணீர், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கிச் சமமாகிக் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. பங்காளி என்று ஒருவர் வராத வீட்டில் அவருக்கு அவரே பங்காளியாகத் துக்கம் காத்துக்கொண்டார்.

வெளியூரிலிருந்து மகனும், லீவுக்கு வந்து மாமியார் வீட்டில் இருந்த செண்பகமும் வர வேண்டியிருந்ததால் மறுநாள்தான் எடுப்பது என்றானது. செவ்வாய்க்கிழமை மத்தியானமே தெருவில் ஒரு பேச்சு ஓடி வந்தது: மேலவீட்டுப் புகைபோக்கியில் புகை போகிறது. எத்தனையோ வருஷமாகக் கேஸில் சமைக்கிற வீடு, பழைய அடுப்படியைத் திறந்து தேங்காய் மட்டையை வைத்து எரித்தார்கள், எங்கள் வீட்டில் சமையல் நடக்கிறது, எங்களுக்கு ஒரு துக்கமும் இல்லை என்று ஊருக்குக் காட்ட. கார் திருநெல்வேலிக்குப் போய்ப் பொட்டலம் பொட்டலமாக வாங்கி வந்தது. அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் ஆறு மாதக் கைக்குழந்தை ஒன்று இருந்தது, குற்றாலத்தின் பேத்தி, புட்டிப்பால் குடிக்கிறது, பச்சைத்தண்ணீரில் கரைத்தால் துப்பிவிடுகிறது. பீர்முகமதிடம் மூன்று தடவை பிளாஸ்கில் வெந்நீர் வாங்கிக்கொண்டு போனார்கள், “யாருக்கு?” என்றதற்கு “தோட்டக்காரனுக்கு” என்றார்களாம். மூன்று தடவையும் வாசலில் ஆறிப்போனது.

குழந்தை அழ ஆரம்பித்தது. மேலவீட்டுக்கு எதிர்த்தாற்போல்தான் பால்பெஞ்சு இருக்கிறது, நாற்பது எட்டு. நான் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன், ஒரே தெரு என்பதால் அந்த அழுகை அங்கே வரைக்கும் கேட்டது. நான் பீர்முகமதைக் கூப்பிட்டு, “பாய், அந்தப் பிள்ளையப் பெத்தவளை மரத்தடிக்கு வரச் சொல்லுங்க. யாரும் பாக்க மாட்டோம்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க” என்றேன். துக்கத்துக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் நான் கேட்டுக்கொண்டதற்காகத் தெருவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்கள். ஆண்களும் திரும்பி நின்றார்கள். ஊரே முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு நாழிகை காத்திருந்தது. கதவு திறக்கவில்லை. உள்ளே ஒரு பெண்குரல் கெஞ்சுவதும் குற்றாலத்தின் குரல் அதட்டுவதும் கேட்டது, பிறகு மறுபடி குழந்தை.

புதன்கிழமை காலையில் எடுத்தோம். பவுடர் டப்பாவில் இருந்த அரிசியைத்தான் என் மகனும் மகளும் அவர் வாயில் போட்டார்கள். சுடுகாட்டுக்குப் போகிற வழி மேலவீட்டு வாசலைத் தாண்டித்தான். வாசல் சாத்திக் கிடந்தது, மேலே புகை சீராகப் போய்க்கொண்டிருந்தது. பாடை அந்த மதிலுக்கு நேரே வந்தபோது உள்ளே அந்தப் பிள்ளை தொண்டை கம்மி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து வீறிட்டு அழுதது; தூக்கிக்கொண்டு போனவர்கள் கால் தானாக நின்றது, ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள், கொட்டுக்காரர்கள் கொட்டை நிறுத்தினார்கள்.

பங்காளி வீட்டிலிருந்து அவருக்கு வந்த அழுகை அது ஒன்றுதான். அது முடிகிற வரைக்கும் நாங்கள் அங்கேயே நின்றோம்.